கல்லூரி மாணவர்களின் சுயதலைமைத் திறனை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எந்த வேலையையும் இலக்கு வைத்தே தொடங்குவேன்" என்ற வரிக்கு எதிரே 5 என்று வட்டமிட்டிருந்தார் ஒரு மூன்றாமாண்டு மாணவர். முழுக்கப் பொருந்தும் என்று அர்த்தம். அந்த செமஸ்டரில் அவர் கொடுத்த நான்கு அசைன்மென்ட்களும் எப்போது வந்து சேர்ந்தன என்று கூகுள் கிளாஸ்ரூமில் பார்த்தேன். நான்கும் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு மேல்தான் வந்திருந்தன. பொய் எழுதியிருக்கிறாரோ என்று முதலில் தோன்றியது. கூப்பிட்டுப் பேசியபோது நோட்டை எடுத்துக் காட்டினார். தேதிவாரியாக, கலர் பேனாவில், அழகான அட்டவணை. போட்டதோடு சரி, அதை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கமே அவருக்கு இல்லை.

இலக்கு வைப்பது ஒரு திறன், வைத்த இலக்கு எங்கே நிற்கிறது என்று கவனிப்பது வேறொரு திறன். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிக் கையில் கொடுத்தால் அந்த மாணவருக்கு ஒரு பயனும் இல்லை. நான் இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே அதுதான். வகுப்பாசிரியர், எம்.எட். அல்லது எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் செய்பவர், முனைவர் பட்ட ஆய்வாளர், தன்னைத் தானே பரிசோதித்துப் பார்க்க நினைக்கும் மாணவர் என யாராக இருந்தாலும் இந்தப் படிகளைப் பின்பற்றலாம்.

படி 1: எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சுயதலைமை என்ற கருத்தை மேலாண்மைத் துறையில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் மான்ஸ். 1986ல் 'அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ரிவ்யூ' இதழில் அவர் எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் தொடக்கமாகக் காட்டுகிறார்கள். யாரும் பின்னால் நின்று விரட்டாதபோதும் ஒருவர் தன்னைத் தானே வழிநடத்தி, தூண்டி, வேலையை முடிக்கும் விதம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வகுப்புத் தலைவர் பதவிக்கும் மேடைப் பேச்சுக்கும் இதோடு சம்பந்தமில்லை. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் இது நிறைய இருக்கலாம்.

இதற்கு மூன்று பிரிவுகள் உண்டு. முதலாவது நடத்தை சார்ந்தது. தனக்கென இலக்கு வைப்பது, தன்னைக் கவனிப்பது, நினைவூட்டிக்கொள்வது, வேலை முடிந்தால் தன்னைப் பாராட்டிக்கொள்வது, சொதப்பினால் தன்னைக் கடிந்துகொள்வது என ஐந்தும் அதில் வரும். இரண்டாவது, வேலையிலேயே இன்பம் தேடும் பழக்கம். லேப் ரெக்கார்டு எழுதுவது அலுப்பான வேலைதான். அதிலும் தனக்குப் பிடித்த ஒரு பகுதியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது சிந்தனை சார்ந்தது. வைவாவுக்கு முந்தின இரவே அதை மனதில் ஓட்டிப் பார்ப்பது, தனக்குள் பேசித் தெம்பு ஏற்றிக்கொள்வது, "எனக்குக் கணக்கு வராது" போன்ற நம்பிக்கைகளை உண்மைதானா என்று உரசிப் பார்ப்பது ஆகிய மூன்றும் இதில் சேரும். ஆக மொத்தம் ஒன்பது துணைத்திறன்கள்.

பக்கத்து வீட்டுக் கருத்துகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லிருந்து எழுதிவந்த சுயதிறன் நம்பிக்கை. இயல்பிலேயே ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவராக இருப்பது ஆளுமைப் பண்பு. சுயதலைமை, பழகினால் வரக்கூடிய உத்திகளின் தொகுப்பு. மூன்றும் ஒன்றோடொன்று கணிசமாக மேற்பொருந்துகின்றன என்ற விமர்சனம் துறைக்குள்ளேயே உண்டு. அதனால் ஆய்வு செய்பவர்கள் மற்ற இரண்டையும் சேர்த்து அளந்து, வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறதா என்று காட்டுவது நல்லது.

படி 2: எதற்காக அளக்கிறீர்கள்?

மாணவருக்கு ஆலோசனை சொல்லவா, ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவா, ஆய்வுக்கா? இதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்மென்ட்டுக்கு ஆள் பொறுக்கவும் இன்டர்னல் மார்க் போடவும் மட்டும் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மார்க் உண்டு என்று தெரிந்த நிமிடமே எல்லோரும் 5 போடுவார்கள், அதோடு அளவுகோல் செத்துவிடும்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வினாப்பட்டியல் எழுத உட்காராதீர்கள். ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. ஆண்டர்சனும் ப்ரஷியாவும் 1997ல் வெளியிட்டதில் 50 கூற்றுகள். அதைச் சீர்படுத்தி ஹௌட்டனும் நெக்கும் 2002ல் கொண்டுவந்த திருத்திய பட்டியலில் 35 கூற்றுகள். உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது இதுதான். 2012ல் ஹௌட்டன் குழுவினர் இதையே 9 கூற்றுகளாகச் சுருக்கினார்கள்.

ஆயிரம் பேரிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பில் இதுவும் ஒரு பகுதி என்றால் 9 கூற்றுப் பட்டியல் போதும். தனி மாணவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் 35தான் சரி. சுருக்கப் பட்டியலில் தன்னைக் கடிந்துகொள்வது பற்றி ஒரு கூற்றுகூட இல்லை. நம் மாணவர்களிடம் அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன், பின்னால் சொல்கிறேன். எதை எடுத்தாலும், ஆசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: தமிழாக்கம்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலத்திலேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் ஆங்கிலக் கூற்றைப் படித்தால், நீங்கள் அளப்பது சுயதலைமையையா அவருடைய ஆங்கிலத்தையா என்று சொல்ல முடியாது.

நான் பட்ட ஓர் அடியைச் சொல்கிறேன். கடினமான சூழலில் தனக்குத் தானே பேசிக்கொள்வது பற்றி மூன்று கூற்றுகள் உண்டு. முதல் வரைவில் "பிரச்சினை வரும்போது எனக்கு நானே பேசிக்கொள்வேன்" என்று எழுதியிருந்தேன். வாசித்த மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் 1 போட்டார்கள். விசாரித்தால், "தானாப் பேசிட்டுப் போறதுன்னா லூசுன்னு நினைப்பாங்களே மேடம்" என்றார் ஒருவர். "மனசுக்குள் எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்வேன்" என்று வாய்மொழியாக மாற்றிக் கேட்டதும் அதே பெண்கள் வேகமாகத் தலையாட்டினார்கள். சொல் மாறியதில் விடையே தலைகீழாகிவிட்டது.

ஆனால் இதிலும் ஒரு பிசகு இருந்தது. மூலத்தில் இருப்பது தைரியம் சொல்வது மட்டுமல்ல, பிரச்சினையைப் பேசிப் பார்த்து வழி தேடுவதும்தான். கடைசியில் "சிக்கல் வரும்போது என்ன செய்யலாம் என்று மனதுக்குள் எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன்" என்பதில் நிறுத்தினோம். பரிசு பற்றிய கூற்றிலும் இதே கதைதான். "எனக்கு நானே பரிசளிப்பேன்" என்றால் கடையில் பொருள் வாங்குவதாக நினைத்து, கையில் காசில்லாதவர்கள் 1 போட்டார்கள். "வேலை நன்றாக முடிந்தால் எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்வேன்" என்று மாற்றினோம். மொட்டைமாடியில் பாட்டுக் கேட்பதும் அதில் அடங்கும்.

செய்முறை இப்படி. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும், ஒருவர் இந்தத் துறை தெரிந்தவராகவும் மற்றவர் நல்ல தமிழ் எழுதுபவராகவும் இருந்தால் நல்லது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கட்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ல் விளக்கி எழுதிய மறுமொழிபெயர்ப்பு முறை இது. வேறுபாடு தெரிகிற கூற்றுகளைத் திருத்துங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எட்டுப் பத்து மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கூற்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "இதுல என்ன கேக்குறாங்க? உங்களுக்கு எந்தச் சம்பவம் ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். மேலே சொன்ன சிக்கல்கள் எதுவும் மறுமொழிபெயர்ப்பில் சிக்கியிருக்காது, இந்த உட்காரலில்தான் சிக்கின.

பதில் தெரிவுகள் ஐந்தும் சீரான இடைவெளியில் இருக்கட்டும்: சிறிதும் பொருந்தாது, கொஞ்சம் பொருந்தும், ஓரளவு பொருந்தும், பெரும்பாலும் பொருந்தும், முழுக்கப் பொருந்தும். முடிவெடுக்க மனமில்லாதவர்கள் 'ஓரளவு' என்பதில் ஒதுங்கிக்கொள்வார்கள். அதைத் தடுக்க, "கடந்த ஒரு மாதத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்லுங்கள்" என்று மேலே ஒரு வரி சேருங்கள்.

படி 5: வினாப்பட்டியலோடு 14 நாள் குறிப்பேடு

வினாப்பட்டியல் காட்டுவது மாணவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை. அது அவசியமான தகவல். மனதுக்குள் நடப்பதை வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இலக்கு, கவனிப்பு, நினைவூட்டல் மூன்றும் வெளியே தடம் விடுபவை. அந்தத் தடத்தையும் பாருங்கள்.

நம் மதிப்பீடு நம்மையே ஏமாற்றும் என்பதற்கு மாணவர்களை வைத்தே ஒரு நல்ல ஆய்வு உண்டு. பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994ல் வெளியிட்டது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது.

குறிப்பேட்டில் தினம் மூன்றே வரிகள் போதும். காலையில், இன்று முடிக்க நினைக்கும் படிப்பு வேலை ஒன்றோ இரண்டோ, எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணிப்புடன். இரவில், முடிந்ததா, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது. மூன்றாவது வரியில், முடியவில்லை என்றால் ஏன்.

அந்த மூன்றாவது வரியைத் தவிர்க்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். ஒரு மாணவியின் குறிப்பேட்டில் 22 வேலைகளில் 9 மட்டுமே முடிந்திருந்தன. எண்ணை மட்டும் பார்த்தால் 41 சதவீதம், பலவீனம் என்று எழுதிவிடுவோம். காரண வரியில் "பஸ் வரல, வீட்டுக்குப் போக 8.15 ஆயிடுச்சு", "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, சமையல் நான்தான்" என்று மாறி மாறி இருந்தது. முடியாத 13ல் 11 அப்படி. அவரே தள்ளிப்போட்டது 2 மட்டும். அவரிடம் குறைவது திறன் அல்ல, நேரம். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த வகுப்பில் இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டாத அளவீடு அநியாயமானது. ஆகவே இரண்டு விகிதம் கணக்கிடுங்கள்: மொத்தத்தில் முடிந்தவை எத்தனை, தன் கையில் இருந்தவற்றில் முடிந்தவை எத்தனை. இந்த மாணவிக்கு இரண்டாவது விகிதம் 11ல் 9, அதாவது 82 சதவீதம்.

முடிந்தால் அறைத்தோழரிடமோ நெருங்கிய நண்பரிடமோ, மாணவரின் சம்மதத்தோடு, கண்ணால் பார்க்கக்கூடிய நான்கைந்து பழக்கங்களை மட்டும் கேட்கலாம். எழுதி வைக்கிறாரா, அலாரம் வைக்கிறாரா என்பது போல.

படி 6: தரவு சேகரிப்பு

எத்தனை பேர்? கூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் என்பது பழகிப்போன ஒரு தோராயக் கணக்கு. 35 கூற்றுக்கு 175 முதல் 350 பேர். எந்தக் கூற்றுகள் ஒன்றுசேர்ந்து ஒரு குழுவாக நிற்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை. ஒரு வகுப்புக்கு ஆலோசனை சொல்வதே நோக்கம் என்றால் 40 பேரோடு தாராளமாகத் தொடங்கலாம். ஆய்வென்றால் ஹாஸ்டல் மாணவர்களும் வீட்டிலிருந்து வருபவர்களும், முதலாமாண்டும் இறுதியாண்டும் கலந்திருக்கும்படி பாருங்கள்.

பெயரும் ரோல் நம்பரும் வேண்டாம். அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என மாணவரே ஒரு குறியீட்டை உருவாக்கிக்கொள்ளட்டும். இரண்டாம் சுற்றில் அதைக் கொண்டே இணைத்துக்கொள்ளலாம். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லுங்கள், சொன்னபடி விடுங்கள். நீங்களே பாடம் எடுக்கும் வகுப்பென்றால், தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். எச்.ஓ.டி. உள்ளே நிற்கும்போது யாரும் "சிறிதும் பொருந்தாது" என்று மனமாரப் போட மாட்டார்கள். இன்டர்னல் தேர்வு வாரத்தையும் செமஸ்டரின் முதல் வாரத்தையும் தவிருங்கள்.

35 கூற்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நடுவில் "இந்த வரிக்கு 2 என்று குறிக்கவும்" என்று ஒரு சோதனை வரி வையுங்கள். அதைத் தவறவிட்டவர்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணாகப் போட்டவர்கள், இரண்டு நிமிடத்தில் தாளை நீட்டியவர்கள் ஆகியோரின் தாள்களை ஒதுக்கி, எத்தனை ஒதுக்கினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

படி 7: மதிப்பெண் கணக்கு

ஒவ்வொரு துணைத்திறனுக்கும் கூற்றுகளின் எண்ணிக்கை வேறு. இலக்கு 5, மனதில் ஓட்டிப் பார்ப்பது 5, வேலையில் இன்பம் 5, தன்னைக் கவனிப்பது 4, நம்பிக்கைகளை ஆராய்வது 4, தன்னைக் கடிந்துகொள்வது 4, தனக்குள் பேச்சு 3, பாராட்டிக்கொள்வது 3, நினைவூட்டல் 2. மொத்தம் 35. எண்ணிக்கை ஒன்றாக இல்லாததால் கூட்டுத்தொகையை ஒப்பிடாமல் சராசரியை ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் இலக்குக் கூற்றுகளுக்கு 4, 5, 4, 4, 3 போட்டிருக்கிறார். கூட்டினால் 20, சராசரி 4.0. கவனிப்புக்கு 2, 3, 2, 2 என்றால் 9ஐ 4ஆல் வகுக்க 2.25. நினைவூட்டலுக்கு 2, 1 என்றால் 1.5. கடிந்துகொள்வதற்கு 5, 5, 4, 5 என்றால் 19ஐ 4ஆல் வகுக்க 4.75. இதைப் படித்தால் ஓர் ஆள் கண்முன்னே வருகிறார். ஆசையாக இலக்கு வைக்கிறார், பின்தொடர்வதில்லை, தவறியதும் தன்னைத் தானே வறுத்தெடுக்கிறார். நான்கையும் சேர்த்து மொத்தச் சராசரி எடுத்திருந்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே, "நடுத்தரம்" என்று முடிந்திருக்கும்.

தன்னைக் கடிந்துகொள்வதை மொத்தத்தோடு கூட்டாதீர்கள். மூலப் பட்டியலில் அதுவும் ஓர் உத்திதான். ஆனால் மற்ற எட்டோடு அது ஒத்துப்போகாமல் தனித்து நிற்பதைப் பல நாட்டு ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கோலைத் தங்கள் மேலேயே திருப்பிக்கொள்கிறார்கள். 4.75ஐ ஒழுக்கத்தின் அடையாளமாகப் பார்க்காமல், அந்த மாணவரோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்ற அழைப்பாகப் பாருங்கள். பேச்சில் நம்பிக்கையிழப்பு தெரிந்தால் கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416ம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

படி 8: உங்கள் அளவீட்டை நம்பலாமா?

ஒரு துணைத்திறனின் கூற்றுகள் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று பார்க்க, லீ கிரான்பாக் 1951ல் கொடுத்த ஆல்பா உதவும். ஜமோவி என்ற இலவச மென்பொருளில் இரண்டு சொடுக்கில் வந்துவிடும், எக்ஸெல்லிலும் போடலாம். கூற்றுகளின் எண்ணிக்கையை, அதிலிருந்து ஒன்று கழித்த எண்ணால் வகுங்கள். கூற்றுகளின் விலக்க வர்க்கச் சராசரிகளைக் கூட்டி, மொத்த மதிப்பெண்ணின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்து, 1லிருந்து கழியுங்கள். இரண்டையும் பெருக்கினால் ஆல்பா. 5 கூற்றுகள், கூட்டுத்தொகை 4.2, மொத்தத்துக்கு 12 என்றால் 1.25 பெருக்கல் 0.65, அதாவது 0.81. வழக்கமாக 0.70க்கு மேல் இருந்தால் ஏற்கிறார்கள். நினைவூட்டலுக்கு இரண்டே கூற்றுகள் என்பதால் அங்கே ஆல்பாவுக்குப் பதிலாக, இரண்டு கூற்றுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து கணக்கிடும் ஸ்பியர்மன்-பிரவுன் கெழுவைப் பயன்படுத்துங்கள். ஆய்வாளர்கள் இதோடு நிற்காமல், ஒன்பது பிரிவும் தமிழ் வடிவிலும் அப்படியே பிரிகின்றனவா என்று உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வும் செய்ய வேண்டும்.

இன்னொரு கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது. திட்ட விலக்கம் 0.6, நம்பகத்தன்மை (மேலே பார்த்த ஆல்பா) 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1லிருந்து 0.84 போக 0.16, அதன் வர்க்கமூலம் 0.4. அதை 0.6ஆல் பெருக்கினால் 0.24. இதுதான் அளவீட்டுப் பிழை. இரண்டு அளவீட்டிலும் பிழை இருக்கும் என்பதால் இதை 2ன் வர்க்கமூலத்தாலும், 95 சதவீத உறுதிக்காக 1.96ஆலும் பெருக்க வேண்டும். ஆக, ஒரே மாணவரின் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 0.67 வித்தியாசம் இருந்தால்தான் உண்மையான மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். 3.2 இருந்தது 3.4 ஆகிவிட்டது என்று ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டுவதில் பொருளில்லை. முழு வகுப்பின் சராசரிக்குச் சிறிய மாற்றமும் பொருளுள்ளதாக இருக்கலாம், அதற்குத் தனிச் சோதனை உண்டு.

"3.5க்கு மேல் நன்று, 2.5க்குக் கீழ் மோசம்" என்று வெட்டுப்புள்ளி போட்டுக் கொடுக்கும் அறிக்கைகளை நம்பாதீர்கள். அப்படிப் பொதுவான எல்லை எதுவும் கிடையாது. ஒரு மாணவரின் ஒன்பது எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அவருடைய பழைய எண்களோடு ஒப்பிடலாம், அவருடைய வகுப்போடு ஒப்பிடலாம்.

படி 9: திருப்பிக் கொடுத்தல், மறுபடி அளத்தல்

முடிவை மாணவர் கையில் ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். குறியீட்டை மட்டும் எழுதிய மூடிய உறையில் வைத்தால் அவரே வந்து எடுத்துக்கொள்வார். ஒன்பது எண்களும், குறிப்பேட்டின் இரண்டு விகிதங்களும் அதில் இருக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் சொன்ன அட்டவணை மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டை ஒரு நிமிடம் திறந்து பார்ப்பது. புதிய அட்டவணை போடத் தடை.

பயிற்சிக்குப் பிறகு மறுபடி அளக்கும்போது எண் சில சமயம் குறையும். பதறாதீர்கள். தன்னைக் கவனிப்பது என்றால் என்னவென்று இப்போதுதான் புரிந்த மாணவர், முன்பு தாராளமாகப் போட்ட 4ஐ இப்போது நிதானமாக 3 ஆக்குகிறார். அளவுகோல் அவர் மனதில் நகர்ந்துவிட்டது. இதைப் பிடிக்க, இரண்டாம் சுற்றில் "இப்போது எப்படி?" என்பதோடு "பயிற்சிக்கு முன் உண்மையில் எப்படி இருந்தீர்கள்?" என்றும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். பயிற்சி பெறாத இன்னொரு பிரிவையும் அதே நாளில் அளந்தால், மாற்றம் பயிற்சியால் வந்ததா, செமஸ்டர் போக்கில் தானாக வந்ததா என்று தெரியும்.

இரண்டாம் சுற்றை அடுத்த செமஸ்டரின் அதே வாரத்தில், அதே வரிசையில் கூற்றுகளோடு, அதே நேரம் கொடுத்து நடத்துங்கள். குறியீட்டை எப்படி அமைப்பது என்ற குறிப்பைத் தாளின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேர் போன் நம்பரை மாற்றியிருப்பார்கள், "பழைய எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்" என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.